கேரவன் பயணம்: புதியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

கேரவன் வாங்கியவர்களும் வாடகைக்கு எடுத்தவர்களும் முதல் பயணத்துக்கு முன்பும், அதைவிட அதிகமாக முதல் பயணம் முடிந்த பிறகும், என்னிடம் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். ஆட்கள் மாறினார்கள்; கேள்விகள் மாறவில்லை. ஓட்டும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு வீடு இருப்பதும், நிறுத்திய பிறகு அந்த வீட்டுக்கு அடியில் சக்கரம் இருப்பதும் பழகும்வரை மனதில் நிற்பதில்லை. என்னிடம் வந்த விபத்துக் கதைகளில் பெரும்பாலானவை இந்த மறதியில் தொடங்கியவைதான்.

சொந்த எஞ்சினில் ஓடுவதை மோட்டார் ஹோம் என்றும், வேறொரு வண்டி இழுத்துச் செல்வதை டிரெய்லர் என்றும், இரண்டுக்கும் பொதுவாகக் கேரவன் என்றும் எழுதுகிறேன்.

முதன்முதலாக எடுக்கிறோம். மோட்டார் ஹோம் நல்லதா, டிரெய்லர் நல்லதா?

வாங்குவதற்கு முன் இரண்டையும் சில நாட்களாவது வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். மோட்டார் ஹோம் ஓட்டப் பழகுவது சுலபம். ஆனால் ஒரு சின்ன வேலையாக வெளியே போக வேண்டுமென்றாலும் முழு வீட்டையும் கட்டி ஒதுக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். டிரெய்லரைக் கழற்றி நிறுத்திவிட்டுக் காரில் போய்வரலாம். அதைப் பின்னால் எடுக்கக் கற்றுக்கொள்ளத்தான் நாளாகும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஓடும் டிரெய்லருக்குள் ஆள் இருப்பது பல நாடுகளில் சட்டப்படி குற்றம். சட்டம் தடுக்காத இடத்திலும் அதைச் செய்யாதீர்கள். மோட்டார் ஹோமிலும் எத்தனை இருக்கைகளுக்குப் பெல்ட் உண்டோ அத்தனை பேர்தான் பயணிக்கலாம். படுக்கைகளை எண்ணி ஆளை ஏற்றக் கூடாது.

பல வருடமாகக் கார் ஓட்டுகிறேன். இதில் புதிதாகக் கற்க என்ன இருக்கிறது?

பின்முனை வீச்சு. கேரவனின் பின் சக்கரங்களுக்குப் பின்னாலும் வண்டி நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்டீரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் அந்தப் பகுதி வலப்பக்கம் வீசும். எரிபொருள் நிலையத்தில் தூண் இடிபடுவது இப்படித்தான்: நிரப்பி முடித்ததும் தூணை விட்டு விலகும் எண்ணத்தில் ஓட்டுநர் உடனே ஒடிக்கிறார், முன்பக்கம் விலகுகிறது, பின்பக்கம் தூணில் போய் மோதுகிறது. முழு வண்டியும் தூணைத் தாண்டும்வரை நேராகச் செல்ல வேண்டும். திருப்பங்களில் இன்னொன்றும் உண்டு. பின் சக்கரங்கள் முன் சக்கரங்களின் தடத்தில் வராமல் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். கொஞ்சம் தள்ளிப் போய்த் தாமதமாகத் திரும்பினால்தான் ஓரக்கல்லில் ஏறாது.

காலியான ஒரு மைதானத்தில் நாலைந்து அட்டைப் பெட்டிகளை நிறுத்தி அரை நாள் பழகுங்கள். வண்டி திரும்பும்போது துணைக்கு வந்தவர் தள்ளி நின்று, பின்முனை எவ்வளவு தூரம் வீசுகிறது என்று தரையில் குறித்துக் காட்டட்டும். அந்த அளவைக் கண்ணால் பார்த்த பிறகு கை தானாகவே நிதானப்படும்.

உயரம் கையேட்டில் இருக்கிறதே, அது போதாதா?

போதாது. கூரையில் பிறகு பொருத்திய ஏசி, சூரியத்தகடு, ஆண்டெனா ஆகியவை அந்தக் கணக்கில் இல்லாமல் இருக்கலாம். சமதளத்தில் நிறுத்தி, தரையிலிருந்து மிக உயர்ந்த புள்ளிவரை நீங்களே அளந்து, மீட்டரிலும் அடியிலும் ஒரு சீட்டில் எழுதி ஓட்டுநரின் கண்ணெதிரே ஒட்டுங்கள். பாலத்தின் முன் வந்து நிற்கும்போது நினைவு கைவிடும், சீட்டு கைவிடாது.

கார்களுக்கான வழிகாட்டிச் செயலிக்கு உங்கள் உயரமும் எடையும் தெரியாது. அவற்றைப் பதிந்துகொள்ளும் பெரிய வாகனங்களுக்கான செயலியைப் பயன்படுத்துங்கள். அப்போதும் சாலைப் பலகைக்கே முதல் மரியாதை. வாகன நிறுத்துமிடங்களின் நுழைவுத் தடுப்பு, எரிபொருள் நிலையக் கூரை, சாலையோரக் கிளை எல்லாமே பாலம் போலத்தான். சந்தேகம் வந்தால் விளக்குகளை மின்னவிட்டு நின்று, ஆள் உதவியோடு பின்னால் எடுங்கள். வாடகை ஒப்பந்தங்கள் பலவற்றில் கூரைச் சேதத்துக்குக் காப்பீடு கிடையாது என்பதையும் படித்துப் பார்த்துவிடுங்கள்.

முதல் பயணத்தில் ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் போகலாம்?

கார் கணக்கில் போடாதீர்கள். அமெரிக்காவில் கேரவன்காரர்களிடம் 3-3-3 என்று ஒரு வழக்கு உண்டு: ஒரு நாளில் 300 மைல், அதாவது சுமார் 480 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம், பிற்பகல் 3 மணிக்குள் சேர்ந்துவிட வேண்டும், ஓரிடத்தில் 3 இரவாவது தங்க வேண்டும். புதியவர்களுக்கு அந்த 300 மைல்கூட அதிகம் என்பது என் கருத்து. மூன்றில் மிக முக்கியம் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்வது. தெரியாத இடத்தில், இருட்டில், களைப்போடு கேரவனைப் பின்னால் எடுப்பதுதான் முதல் நாள் விபத்துகளின் தாய்.

முதல் இரவை வீட்டு வாசலிலோ அருகிலேயோ கழியுங்கள். விளக்கு, தண்ணீர், அடுப்பு, கழிவறை எல்லாவற்றையும் பயன்படுத்திப் பாருங்கள். ஏதாவது ஒன்று வேலை செய்யாது. அது வாசலிலேயே தெரிவது நல்லது.

கிளம்பும்போது மக்கள் அதிகம் மறப்பது எதை?

செருகியிருந்த மின்கம்பி, தண்ணீர்க் குழாய், வெளியே நீட்டிய படிக்கட்டு, தூக்கிவிட்ட ஆண்டெனா, திறந்த கூரைச் சாளரம், இறக்கிய முட்டுக்கால்கள், சக்கரத்துக்குப் போட்ட கட்டை. உள்ளே என்றால் பூட்டாத அலமாரிக் கதவும் குளிர்பெட்டிக் கதவும்.

எழுதிய பட்டியல் ஒன்றை வைத்து ஒருவரே எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும். இருவர் பங்கிட்டுக்கொண்டால் 'அவர் பார்த்திருப்பார்' என்று இருவருமே விட்டுவிடுவார்கள். ஒருமுறை நான் பட்டியலின் நடுவில் இருந்தபோது பக்கத்து வண்டிக்காரர் வந்து பேச்சுக் கொடுத்தார். பேசி முடித்ததும் எல்லாம் முடிந்த நினைப்பில் வண்டியை எடுத்தேன். மின்கம்பி இழுபட்டு, செருகியின் முகப்பு பிய்ந்து வந்தது. அன்று முதல், நடுவில் யார் குறுக்கிட்டாலும் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்குகிறேன். எல்லாம் முடிந்ததும் வண்டியை ஒருமுறை சுற்றி வந்து, கூரையையும் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் சாவியைத் தொடுவேன்.

கழிவுக் குழாயை இணைத்தே வைத்திருக்கிறோம். கழிவறைத் தொட்டியின் வால்வைத் திறந்தே விட்டால் தானாக வடிந்துவிடாதா?

அதிகம் பேர் செய்யும் தவறு இதுதான், சரிசெய்ய மிகவும் அருவருப்பானதும் இதுதான். வால்வு திறந்திருந்தால் நீர் மட்டும் வடிந்து போகும். திடக்கழிவும் காகிதமும் கழிவறைக்கு நேர் கீழே கோபுரமாகக் குவிந்து இறுகிவிடும். வால்வை மூடியே வையுங்கள். தொட்டி மூன்றில் இரண்டு பங்காவது நிறைந்த பிறகு ஒரே வேகத்தில் திறந்துவிட வேண்டும். அந்த நீரின் வேகம்தான் திடக்கழிவை அடித்துக்கொண்டு போகும். காலி செய்தவுடன் சில லிட்டர் நீரை ஊற்றி அடியை நனைத்து வையுங்கள். ஒவ்வொரு முறையும் தாராளமாக நீர் விடுங்கள். நீரைச் சேமிக்கும் நல்ல எண்ணம் இந்த ஓரிடத்தில் கெடுதல் செய்யும்.

கேரவனில் இரண்டு கழிவுத் தொட்டிகள் இருந்தால் முதலில் கழிவறைத் தொட்டி, அதன் பிறகு குளியல், பாத்திரம் கழுவிய நீர்த் தொட்டி. சோப்பு நீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். கையுறை கட்டாயம். குழாயின் இரு முனைகளும் இறுகப் பொருந்தியிருப்பதைப் பார்த்த பிறகே வால்வைத் தொடுங்கள்.

காகிதம் சரியானதா என்று அறிய, ஒரு துண்டை நீருள்ள பாட்டிலில் போட்டுக் குலுக்குங்கள். கூழாகக் கரைந்தால் சரி. துண்டு துண்டாக மிதந்தால் வேண்டாம். ஈரத் துடைப்பான்கள் கரையவே கரையா.

காலி செய்த பிறகும் மானி 'நிறைந்தது' என்றே காட்டுகிறது. பழுதா?

பெரும்பாலும் இல்லை. தொட்டிச் சுவரில் உள்ள உணரிகளில் காகிதமோ கசடோ ஒட்டியிருக்கும். பாதித் தொட்டி நீர் விட்டு ஓட்டிச் சென்று, அது அலம்பியதும் காலி செய்து பாருங்கள். அப்படியும் மாறாவிட்டால் மேலே சொன்ன கோபுரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

தோட்டக் குழாயில் குடிநீர் நிரப்பலாமா?

கூடாது. குடிநீருக்கென விற்கும் குழாய் தனி, தொட்டி கழுவும் குழாய் தனி. இரண்டும் வேறு நிறத்தில், வேறு பெட்டியில் இருக்கட்டும். வெளிக் குழாயில் இணைக்கும்போது அழுத்தச் சீராக்கி ஒன்றைக் குழாயடியிலேயே பொருத்துங்கள். கேரவனின் உள்குழாய்களுக்கு 40 முதல் 60 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) ஏற்றது. சில இடங்களில் அழுத்தம் 100 பிஎஸ்ஐயையும் தாண்டும். இணைப்பு பிடுங்கிக்கொண்டால் வண்டிக்குள் வெள்ளம்தான். வெளியே போகும்போது குழாயையும் பம்பையும் மூடிவிட்டுப் போங்கள்.

வெந்நீர்க் கொதிகலனில் நீர் இல்லாமல் மின்சாரத்தைப் போடாதீர்கள். சில நிமிடங்களில் சூடேற்றும் கம்பி எரிந்துவிடும். முதலில் வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்று போய் நீர் சீராக வருகிறதா என்று பாருங்கள்.

ஏசி ஓடும்போது மைக்ரோவேவ் போட்டால் மின்சாரம் நின்றுவிடுகிறது. ஏன்?

நிறுத்துமிடத்து இணைப்பில் வீட்டில் கிடைக்கும் அளவு மின்சாரம் இல்லை. 230 வோல்ட் 16 ஆம்பியர் இணைப்பு என்றால் மொத்தம் 3,680 வாட். வட அமெரிக்காவின் 120 வோல்ட் 30 ஆம்பியர் இணைப்பும் கிட்டத்தட்ட அதுவே, 3,600 வாட். ஏசி 1,500, மைக்ரோவேவ் 1,400, வெந்நீர்க் கொதிகலன் 1,400 என்று கூட்டிப் பாருங்கள். கொதிகலனும் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால், மூன்றும் ஒன்றாக ஓட வழியே இல்லை. ஒவ்வொரு கருவியின் வாட் அளவையும் எழுதி ஒட்டி, சூடாக்கும் கருவிகளை ஒவ்வொன்றாக ஓட்டுங்கள்.

நீட்டிப்புக் கம்பியைச் சுருளிலேயே வைத்துப் பயன்படுத்தாதீர்கள். அதிக மின்சாரம் ஓடும்போது சுருள் சூடேறி உருகியிருக்கிறது. முழுவதும் பிரித்துப் போடுங்கள். மின்னழுத்தம் தவறினால் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி ஒன்றும் வாங்கி வையுங்கள். தவறான இணைப்புள்ள ஒரு கம்பத்தில் செருகினால் உள்ளே உள்ள எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் போய்விடும்.

மின் இணைப்பு இல்லாத இடத்தில் தங்கினோம். விடிவதற்குள் பேட்டரி தீர்ந்துவிட்டதே?

கணக்கைப் பார்ப்போம். 100 ஆம்பியர்-மணி கொண்ட ஈய அமிலப் பேட்டரியில் பாதியைத்தான் பயன்படுத்தலாம். அதற்குக் கீழே போனால் ஆயுள் குறையும். குளிர் இரவில் 7 ஆம்பியர் இழுக்கும் ஹீட்டர் விசிறி மொத்தம் 7 மணி நேரம் ஓடினாலே 49 ஆம்பியர்-மணி தீர்ந்துவிடும். இன்வெர்ட்டரில் 1,500 வாட் கெட்டில் போட்டால் பேட்டரியிலிருந்து 125 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்.

சும்மா இருக்கும் ஈய பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முழுமை, 12.1 அளவில் பாதி. லித்தியம் பேட்டரி கூடுதலாகத் தாங்கும். ஆனால் உறைநிலைக்குக் கீழே அதற்கு மின்னேற்றம் செய்யக் கூடாது.

குளிர்பெட்டி புதியது. ஆனாலும் குளிரவில்லை.

கேரவன்களில் வாயுவிலும் மின்சாரத்திலும் ஓடும் உறிஞ்சல் வகைக் குளிர்பெட்டிகள் பல உண்டு. அவற்றில் அம்மோனியாக் கரைசல் புவியீர்ப்பால்தான் சுற்றி வருகிறது. வண்டி சாய்ந்து நின்றால் சுழற்சி தடைப்படும். நீண்ட நேரம் அப்படியே ஓட்டினால் குழாய் சூடேறி நிரந்தரமாகக் கெட்டுவிடும். எனவே வண்டியைச் சமப்படுத்திய பிறகே போடுங்கள். டிரெய்லர் என்றால், சக்கரத்துக்குக் கட்டை போட்ட பிறகே காரோடு இணைக்கும் கொக்கியைக் கழற்றுங்கள்.

இவ்வகை மெதுவாகத்தான் குளிரும். கிளம்புவதற்கு முந்தைய நாளே ஓடவிட்டு, ஏற்கெனவே குளிர்ந்த பொருட்களை அடுக்குங்கள். கம்ப்ரெசர் வகைக்கு இந்தத் தொல்லை இல்லை.

அலமாரிகள் காலியாகக் கிடக்கின்றன. நிரப்பினால் என்ன?

அலமாரியில் இடம் இருக்கும்; எடையைத் தாங்கும் சக்கர அச்சில் இடம் இருக்காது. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. 150 லிட்டர் தொட்டியை நிரப்பினால் இரண்டு பெரியவர்களை ஏற்றியதற்குச் சமம். கதவருகே அல்லது ஓட்டுநர் கதவுத் தூணில் உள்ள தகட்டில் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை பொறிக்கப்பட்டிருக்கும். ஆட்கள், நீர், வாயு, சாமான் அத்தனையும் ஏற்றிய நிலையில் எடை மேடைக்குக் கொண்டு போய், மொத்தத்தையும் ஒவ்வொரு அச்சையும் தனித்தனியாக எடை போடுங்கள். நான் எடை போடச் சொன்னவர்களில் அதிர்ச்சி அடையாமல் திரும்பியவர்கள் குறைவு.

டயரில் கோடுகள் ஆழமாக இருக்கின்றன. அப்படியானால் நல்ல டயர்தானே?

கேரவன் டயர் தேய்ந்து கெடுவதைவிட நின்று நின்றே கெடும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஐந்தாறு ஆண்டைத் தாண்டியிருந்தால் ஒரு வல்லுநரிடம் காட்டுங்கள். காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும் காலையில் அளக்க வேண்டும். அழுத்தம் குறைந்து எடை கூடினால் டயர் உள்ளுக்குள் சூடேறி வெடிக்கும். வெடித்த டயரின் பட்டை சக்கர அறையை உடைத்து மேலே உள்ள தரைப் பலகையையும் கிழித்துவிடும்.

டிரெய்லர் வால் ஆட்டுவதுபோல் ஆடத் தொடங்கினால் என்ன செய்வது?

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டீரிங்கை நேராகப் பிடியுங்கள். டிரெய்லர் பிரேக்கைத் தனியாக இயக்கும் கைப்பிடி இருந்தால் அதை மட்டும் மெல்ல அழுத்துங்கள். காரின் பிரேக்கை ஓங்கி மிதிப்பதும், ஆட்டத்துக்கு எதிராக ஸ்டீரிங்கை மாற்றி மாற்றி ஒடிப்பதும் ஆட்டத்தைப் பெருக்கிக் கவிழ்த்துவிடும். இதைப் படிப்பது எளிது. அந்த நேரத்தில் கால் பிரேக்கைத்தான் தேடும். அதனால் மனதுக்குள் பலமுறை ஒத்திகை பாருங்கள்.

ஆட்டம் நின்ற பிறகு காரணத்தைத் தேடாமல் தொடராதீர்கள். பெரும்பாலும் பின்பக்கம் கனமாக இருக்கும். சுமையில் சுமார் 60 சதவீதம் அச்சுக்கு முன்னால் இருக்க வேண்டும். கொக்கியின் மேல் அழுந்தும் எடை, வட அமெரிக்க டிரெய்லர்களில், டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம். ஐரோப்பியக் கேரவன்களில் இதைவிடக் குறைவு. உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே முடிவு. வேகமும், பக்கக் காற்றும், கடந்து போகும் பெரிய லாரியின் காற்றிழுப்பும் ஆட்டத்தைத் தூண்டிவிடும்.

பின்னால் எடுக்கும் ஒவ்வொரு முறையும் கணவருக்கும் எனக்கும் சண்டை வருகிறது. வழி உண்டா?

உண்டு, அதைக் கிளம்புவதற்கு முன்பே பேசிக்கொள்ள வேண்டும். இடம், வலம், நில், வா என்ற நான்குக்கும் கைச்சைகை முடிவு செய்யுங்கள். கத்துவது எஞ்சின் சத்தத்தில் கேட்காது. கேட்டாலும் கோபமாகவே கேட்கும். வழிகாட்டுபவர் பக்கக் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். அவர் கண்ணாடியிலிருந்து மறைந்த நொடியே வண்டி நிற்க வேண்டும். இந்த ஒரு விதியை மீறாமல் இருந்தால் பாதிச் சண்டை தீரும். தொடங்கும் முன் இருவரும் இறங்கி இடத்தைச் சுற்றிப் பார்த்து, கிளை, கல், கம்பம் எல்லாவற்றையும் காட்டிக்கொள்ளுங்கள்.

டிரெய்லர் என்றால் ஸ்டீரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடியுங்கள். கையை எந்தப் பக்கம் நகர்த்துகிறீர்களோ அந்தப் பக்கம் டிரெய்லரின் பின்முனை போகும்.

ஓடும்போது வாயுவைத் திறந்து வைக்கலாமா? குளிருக்கு அடுப்பை எரியவிடலாமா?

மோதலை உணர்ந்து தானே மூடிக்கொள்ளும் ரெகுலேட்டர் இல்லாத வண்டியில் சிலிண்டரை மூடிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். எரிபொருள் நிரப்புமிடத்தில் எந்தச் சுடரும் எரியக் கூடாது. சில சுரங்கச் சாலைகளிலும் படகுகளிலும் வாயு சிலிண்டருக்குக் கட்டுப்பாடு உண்டு.

இரண்டாவது கேள்விக்கு ஒரே பதில்: ஒருபோதும் கூடாது. சிறிய, அடைத்த அறையில் அடுப்பு எரிந்தால் பிராணவாயு குறைந்து கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமும் நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கை மணியும் வாயுக் கசிவு மணியும் தனித்தனியே வேண்டும். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது என்பதால் கசிவு மணி தரையோரம் இருக்கும். இரண்டுக்கும் காலாவதித் தேதி பின்பக்கம் அச்சிட்டிருக்கும். தயவுசெய்து இன்றே பாருங்கள்.

அவசரத்தில் தண்ணீர்த் தொட்டியில் டீசலை ஊற்றிவிட்டோம். கழுவினால் போதுமா?

பம்பை இயக்காதீர்கள். இயக்கினால் டீசல் எல்லாக் குழாய்களுக்கும் பரவும். தொட்டியை வண்டியிலிருந்து முறையாக இறக்கச் செய்யுங்கள். பிளாஸ்டிக் அந்த மணத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டியிருக்கும். மறுபுறம், டீசல் தொட்டியில் நீரோ பெட்ரோலோ போயிருந்தால் எஞ்சினை முடுக்காதீர்கள், சாவியையும் திருப்பாதீர்கள். இரண்டு வாய்களும் அருகருகே இருக்கும் வண்டிகளில் மூடிகளுக்கு வேறு வேறு நிறம் பூசி வையுங்கள்.

மலை இறங்கும்போது கருகிய வாடை வந்தது. ஆபத்தா?

ஆம். பிரேக் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. இன்னும் சூடானால் பிடிப்பே இராது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, கட்டை போட்டு, தானாக ஆறவிடுங்கள், நீர் ஊற்றாதீர்கள். அடுத்த முறை இறக்கம் தொடங்கும் முன்பே கீழ் கியருக்கு மாற்றி, எஞ்சின் வண்டியைப் பிடித்து வைக்கும்படி விடுங்கள். பிரேக்கின் மேல் காலை வைத்தே இருக்காமல், அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு விட்டுவிட வேண்டும்.

வெளிப்பந்தலை இரவில் விரித்தே வைக்கலாமா?

வேண்டாம். இரவில் எழும் ஒரே காற்று கம்பிகளை முறித்துக் கூரையின் மேல் எறிந்துவிடும். மழை என்றால் துணியின் நடுவில் நீர் தேங்கிக் கம்பியை வளைக்கும். ஈரத்தோடு சுருட்ட நேர்ந்தால் அடுத்த வெயிலில் விரித்துக் காயவையுங்கள்.

சன்னலுக்குக் கீழே சுவர் லேசாக மெத்தென்று இருக்கிறது. பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

தள்ளிப்போடாதீர்கள். மெத்தென்ற சுவருக்குள் மரச்சட்டம் ஏற்கெனவே ஊறத் தொடங்கிவிட்டது. கேரவனைக் கொல்வது விபத்தைவிட நீர்க்கசிவுதான். நீர் நுழைந்த இடமும் வெளிப்படும் இடமும் ஒன்றாக இராது. கூரை மூலையில் புகுந்தது சட்டத்தின் வழியே ஓடிச் சன்னலுக்குக் கீழே தெரியலாம். ஈரமானி ஒன்றால் சுற்றுப்புறத்தை அளந்து, எண் எந்தத் திசையில் கூடிக்கொண்டே போகிறது என்று தொடர்ந்தால் நுழைவாயில் கிடைக்கும்.

சில மாதங்களுக்கு ஒருமுறை கூரையில் சாளரம், ஏசி, ஆண்டெனா ஆகியவற்றைச் சுற்றியுள்ள பூச்சைப் பாருங்கள். வெடிப்போ விலகலோ இருந்தால் கூரைப் பொருளுக்கு ஏற்ற பூச்சையே இடுங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண சிலிக்கோன் வேண்டாம். பிறகு அதன் மேல் வேறு எந்தப் பூச்சும் ஒட்டாது, முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். ஏறுவதற்கு முன் அந்தக் கூரை ஆள் எடையைத் தாங்குமா என்று கையேட்டில் பாருங்கள். தாங்காது என்றிருந்தால் ஏணியைத் தனியே நிறுத்தி, ஓரத்திலிருந்தே வேலையை முடியுங்கள்.